கடைசித் தெருவுக்கு இரண்டு அங்குலம்

இருபத்திரண்டு வருஷமாக நகரத்தின் வால்வுகளைத் திறந்து மூடியவர் அவர். எல்லோருக்கும் வால்வு அண்ணன். நகரத்துக்கே தண்ணீர் திறந்துவிட்டவர் குடியிருந்த கடைசித் தெருவுக்கு வந்ததென்னவோ தினம் வீட்டுக்கு நாலு குடம்தான்.

புதுக் குழாய் போடும் திட்டம் தங்கை புருஷன் கைக்கு வந்தது. என்ஜினியர். குழாய் அளவுகளை ஆயிரம் விதமாக மாற்றிப் பார்த்து, எல்லாத் தெருவின் தேவையும் தீருகிற மாதிரி, செலவு குறைந்த ஏற்பாட்டைக் கம்ப்யூட்டரே பொறுக்கிவிடுமாம்.

"தெருவுக்குத் தெரு எவ்வளவு போகுதுன்னு மட்டும் அளந்து குடுங்க மச்சான்."

மூன்று மாதம் மீட்டரும் கையுமாக அலைந்தார் அண்ணன். "இந்தத் தடவை மாடிக்கே தண்ணி ஏறும்" என்று தன் தெருவில் வீடு வீடாகச் சொல்லியும் வைத்தார்.

குழாய்கள் வந்து இறங்கின. பெரிய வீதிக்கு எட்டு அங்குலம். கடைசித் தெருவுக்கு இரண்டு.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா குனிந்து பார்த்தார். "அருவி வரும்னீங்க அண்ணே. மூக்கு ஒழுகுற அளவுக்குத்தானே ஓட்டை இருக்கு!"

அண்ணன் நேரே ஆபீஸுக்குப் போனார்.

"ஏன் மாப்ள இப்படிப் பண்ணுனீங்க?"

"நீங்க குடுத்த அளவுதான் மச்சான். வீட்டுக்கு நாலு குடம்."

"வந்தது நாலு குடம். வேணுங்கிறதும் நாலு குடமா?"

"பத்தாதுன்னு தெரியும் மச்சான். தேவையை ஏத்திப் போட்டா மெயின் வரைக்கும் குழாய் பெருசாகும். செலவு எகிறும். திட்டமே நின்னுடும்."

தெரியும். அந்தச் சொல்தான் அறுத்தது. தெரியாமல் செய்திருந்தால் மடையன் என்று விட்டிருப்பார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்கு மட்டும் மெயின்லேருந்து தனி லைன் இழுத்துடறேன்."

"என் விரலாலயே என் தெரு கண்ணைக் குத்திட்டு, எனக்கு மட்டும் மருந்தா? வேணாம் போங்க!"

தெருவுக்குத் திரும்பினார். நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தையல்காரம்மா முந்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்குத் தனி லைனாமே? உங்க தங்கச்சி போன்ல சொல்லிச்சுன்னு உங்க சம்சாரம் சந்தோஷமா சொல்லிட்டுப் போகுது."

"நான் வேணாம்னுட்டேன்மா."

"அளந்து குடுத்தது நீங்கதானே?"

அண்ணன் குழாய் பதிக்க வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கி, அந்த இரண்டு அங்குலக் குழாய் மேல் உட்கார்ந்தார்.

"இதை மூடணும்னா என்னையும் சேர்த்து மூடுங்க."

குழாய் போடுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றி நின்றார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பக்கத்தில் வந்து உட்கார ஒருவரும் இல்லை.