திருவிழாச் சத்தத்தில் விற்க வந்த ஸ்பீக்கர்

பழைய ஸ்பீக்கர் சோடி ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அறிந்து கோப்பாய்க்குப் போனேன். பின்னேரம்தான் வரவேண்டும் என்று விற்பவர் திரும்பத் திரும்பச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கோயிலில் திருவிழா. ஒலிபெருக்கி அலறியது. அந்த இரைச்சலில் அவர் அந்த ஸ்பீக்கரில் போட்ட பாட்டு நன்றாகத்தான் கேட்டது.

"எடுக்கிறதெண்டால் இப்பவே எடுங்கோ தம்பி, வேறை ஆக்களும் வருகினம்" என்றார்.

"கோயில் பாட்டு நிக்கட்டும் அண்ணை, பிறகு கேட்டுப் பாப்பம்" என்று அசையாமல் இருந்தேன். அவர் முகம் மாறியது.

பூசைக்காக ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். உடனே ஒரு ஸ்பீக்கரின் கரகரப்புத் தெளிவாகக் கேட்டது. முன்பக்கத் துணியைக் கழற்றினேன். உள்ளே றப்பர் வளையம் கிழிந்து தொங்கியது.

"உது வயர் லூஸ், தம்பி" என்றார். நான் சைக்கிளை எடுத்தேன்.

இப்போது பழைய ஸ்பீக்கர் பார்க்கப் போகுமுன், அந்த ஊர்க் கோயிலில் கொடி ஏறிவிட்டதா என்று விசாரிக்கிறேன். ஏறியிருந்தால், கொடி இறங்கிய பிறகுதான் போவேன்.