கம்பளி போர்த்திய லைலாக்

பனி கரைந்ததும் ரிஸ்கெல்டி முதலில் பார்ப்பது தன் வலது கட்டைவிரல் நகத்தைத்தான். மற்ற நகங்களை வெட்டிக்கொள்வார். அதை மட்டும் குளிர்காலம் முழுக்க வளர விடுவார். பிறகு தோட்டத்தில் ஒவ்வொரு புதரின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, தண்டில் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். பட்டைக்கு உள்ளே பச்சை தெரிந்தால் நகத்தைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தெரியாவிட்டால் கொஞ்சம் கீழே இன்னொரு கீறல். அதற்கும் கீழே இன்னொன்று. பச்சை எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும் என்பது அவர் எண்ணம்.

மலைக் கணவாய்களில் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். தன் ஊரான காரகோலின் குளிரைத் தாங்காத எதையும் அவர் வீட்டில் நட்டதில்லை. "கெஞ்சிக் கெஞ்சி வளக்குற செடி நமக்கு எதுக்கு?" என்பார். முள்வேலிபோல் செக்கச்செவேலென்று பழுக்கும் பார்பெரி, வசந்தத்தில் இன்னொரு தடவை பனி விழுந்ததுபோல் பூக்கும் ஸ்பைரியா, வாசல் கதவோரம் கொத்துக் கொத்தாக ஊதாப்பூ பூக்கும் லைலாக். அந்த லைலாக்கைப் பத்து வயதில் நட்டவள் மகள் சைகல். இப்போது ஓஷ் நகரத்தில் மருமகள். மே மாதம் கைக்குழந்தையோடு வருவதாக இலையுதிர்காலத்திலேயே போன் செய்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் வரவு.

அந்தப் போன்தான் அவர் புத்தியை மாற்றியது. எந்தக் குளிருக்கும் அசையாத லைலாக்குக்கு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பழைய கம்பளி விரிப்பைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினார்.

பனி கரைந்து கம்பளியைப் பிரித்தபோது உள்ளேயிருந்து எலிகள் சிதறி ஓடின. குளிர்காலம் முழுக்க அங்கேதான் குடித்தனம். பட்டையைச் சுற்றிலும் தின்று, வேரையும் விட்டுவைக்கவில்லை. ரிஸ்கெல்டி கீறினார். பழுப்பு. கீழே கீறினார். பழுப்பு. தண்டைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். புதர் அவர் கையோடு வந்துவிட்டது.

"மாட்டுக்குக்கூட நீ இப்படிப் போத்திவிட்டதில்லையே, கிழவா" என்றாள் மனைவி சூரா. "எலிக்கு விருந்தும் வச்சு மெத்தையும் போட்டிருக்கே."

"சைகல் வந்தா மொதல்ல கதவோரம்தான் பாப்பா" என்றார் அவர். அன்று ரொட்டியைப் பிட்டவர் வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அதே லைலாக்கின் பிள்ளை ஒன்று அடுத்த வீட்டில் இருந்தது. ஹலிச்சாவின் வீடு; சந்தையில் அஷ்லான்ஃபு என்ற காரமான குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் துங்கான் இனப் பெண். பல வருடங்களுக்கு முன் ஒரு பக்கக்கன்றை அவள் ரிஸ்கெல்டியின் தோட்டத்திலிருந்து திருடிக்கொண்டு போனாள். அந்த ஊர் நம்பிக்கைப்படி அதில் தப்பே இல்லை. கேட்டு வாங்கிய செடி வேர் பிடிக்காது, திருடியதுதான் பிடிக்கும். செடிக்காரர் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நன்றி சொல்லக் கூடாது. அந்தத் தெருவில் பாதிப் பூச்செடிகள் அப்படி வந்தவைதான். ரிஸ்கெல்டி முதுகைத் திருப்பவில்லை. தெருவே கேட்கும்படி "திருடி" என்று கத்திவிட்டார். அன்றோடு ஹலிச்சா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சூராவோடு மட்டும் வேலிக்கு மேலே கிண்ணங்கள் போய்வந்துகொண்டிருந்தன.

"போய்க் கேளேன்" என்றாள் சூரா.

"கேட்டா பிடிக்காது."

"அப்ப திருடு."

"பாத்துட்டா?"

"நீ கத்துன மாதிரி அவளும் கத்துவா. காது குடுத்துக் கேட்டுக்க."

ஹலிச்சா சந்தைக்குப் போயிருக்கும் காலைப்பொழுதாகப் பார்த்துக் கிளம்பினார். மண்வெட்டியில் ஈரமண் ஒட்டியிருந்தது. துடைத்துக் கோட்டுக்குள் செருகினார். காம்பு காலருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவில் தாழ் இல்லை. நாயையும் காணோம். லைலாக்கின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று, கீறினார், பச்சை. மண்வெட்டியை அழுத்தினார். அடுப்பிலிருந்து ரொட்டி எடுப்பதுபோல், மண்ணோடு உருண்டையாக மேலே வந்தது.

நிமிர்ந்து திரும்பினால், வாசற்படியில் ஹலிச்சா. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

ரிஸ்கெல்டி கன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வருஷம் எலி ஜாஸ்தி" என்றாள் அவள், வீட்டுக்குள் யாரிடமோ சொல்வதுபோல். "கம்பளி கிம்பளி போட்டா அதுங்களுக்குக் கொண்டாட்டம்."

நன்றி சொன்னால் செடி பட்டுப்போகும். சொல்லாமல் போகவும் அவருக்குக் கால் வரவில்லை. "ஹலிச்சா, அன்னைக்கு நான் பேசுனது..."

"யாரோ பேசுற மாதிரி இருக்கே" என்றாள் அவள், திரும்பாமலே. "காத்தா இருக்கும். இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் அதுக்கு வாய் வந்திருக்கு."

பூண்டுத் தோல் படியிலிருந்து பறந்து அவர் செருப்பருகே வந்து விழுந்தது. அவர் வீட்டுக்கு வந்து, பழைய குழியிலேயே கன்றை நட்டார். சுற்றிலும் கம்பிவலை வைத்தார். கம்பளியை எரித்தார்.

மே மாதம் சைகல் வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்று பார்த்தாள். முழங்கால் உயரம், பூ இல்லை, புது இலைகள் மட்டும் மினுமினுத்தன.

"அப்பா, நான் வச்சது எங்க?"

"இதேதான்."

"இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?"

"கொஞ்ச நாள் வெளியூர் போயிருந்துச்சு. இப்பத்தான் வந்துச்சு."

வேலிக்கு அந்தப் பக்கம் ஹலிச்சா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. குழந்தை ஓர் இலையைப் பிய்த்து வாயில் வைத்து, கசந்து, முகத்தைச் சுளித்தது. ரிஸ்கெல்டிக்கு அதுவும் பிடித்திருந்தது.

அவர் திருடப் போனதற்கு முந்தின நாளே அந்தக் கன்றின் வேரைச் சுற்றி மண்ணை அறுத்து, தண்ணீர் ஊற்றி, நாயைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தது ஹலிச்சாதான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் அறுத்த மண்வெட்டி ரிஸ்கெல்டியுடையது. வேலிக்கு மேலே அதை நீட்டியவள் சூரா.