ஒன்றியத்துக்குச் சொந்தமான ஆறடிப் பள்ளம்

எங்கள் ஊரிலிருந்து மலையடிவாரக் குடியிருப்புக்குப் போகும் பாதையை எந்த அரசாங்கமும் போடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு இறங்கி ஊர்க்காரர்களே வெட்டியது. குரங்கணிக்குப் போகும் ஜீப்பு ரோடு எங்களுக்குச் சுற்றுவழி. ஜீப்பு வரும். ஆனால் டிரைவரின் மனசு நிறையும்வரை ஆளும் அரிசி மூட்டையும் ஏறினால்தான் புறப்படும். அதனால் சரிவின் ஓரமாகவே, ஏற்றம் அதிகமில்லாமல் வளைத்து வளைத்து, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தோதாக நான்கு மைலுக்கு ஒரு பாதை போட்டார்கள். ஓடைகள் குறுக்கே வந்த இடங்களில் கல்லை அடுக்கி மண்ணைக் கொட்டி இறுக்கினார்கள். காரோ மாட்டு வண்டியோ அதில் போக முடியாது.

அந்தப் பாதையால் ஊரில் எல்லாரையும்விட அதிகம் பிழைத்தவள் நான். குடியிருப்பில் இருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு நான்தான் ஆசிரியை, நான்தான் தலைமையாசிரியை, மணி அடிப்பதும் நான்தான். இருபத்து மூன்று பிள்ளைகள். எல்லாருடைய தாய் தகப்பனுக்கும் மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. காலை எட்டரைக்குக் கங்காணி குரல் கொடுப்பார், பெண்கள் கூடையோடு மலையேறுவார்கள். அந்நேரம் பள்ளிக்கூடம் திறந்திருந்தால் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுப் போவார்கள். பூட்டியிருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மேலே போன பிள்ளை சும்மா இருக்காது, அதன் கையிலும் ஒரு சின்னக் கூடை ஏறிவிடும். அரசாங்கம் சொன்ன நேரம் ஒன்பதரை. நான் எட்டேகாலுக்கே திறந்துவிடுவேன்.

அதற்காகத்தான் இருபத்தாறு வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, சைக்கிள் பழகினேன். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் விழாத நாட்களில் கூட்டம் ஏமாந்து கலைந்தது.

மழைக்குப் பாதை எங்காவது உடையும். பார்த்தவர் டீக்கடையில் சொல்வார். மறுநாள் காலை நாலு பேர் போவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குத் தலைவர் கிடையாது, கமிட்டி கிடையாது, தீர்மானம் கிடையாது. இப்படியே ஆறு வருசம் ஓடியது.

என் வீட்டுக்காரருக்குத் தொழில் விவசாயம், உயிர் மனு எழுதுவது. ஒருநாள் டீக்கடையில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, நாளைக்கு இந்தப் பாதை மொத்தமாச் சரிஞ்சு போச்சுன்னா யாருப்பா பொறுப்பு?"

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பாதையும் அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து மனுப்படலம். ஒன்றிய அலுவலகம், நடுவில் ஒரு துண்டு வனத்துறை நிலத்தில் போவதால் அங்கே கேட்கச் சொன்னது. வனத்துறையின் பதிலை நான் மறக்கவே மாட்டேன். கால் பட்டுத் தேய்ந்த தடம் என்றால் அது பாதை ஆகாது, பாதை என்றால் அனுமதி இல்லாமல் போட்டது குற்றம், இரண்டில் எது என்று மனுதாரர் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மனுதாரர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள், இரண்டும் இல்லை, இது பொதுநலம் என்று எழுதிப் போட்டார்.

அது பஞ்சாயத்துத் தேர்தலே நடக்காத காலம். தலைவருக்குப் பதில் தனி அலுவலர் இருந்தார். ஒரே மனிதர் அத்தனை ஊருக்கும் பொறுப்பு என்பதால் எந்த ஊரில் பேசினாலும் "இந்த அருமையான ஊர்" என்றுதான் பேசுவார். பேர் சொல்லிப் பேசினால் மாறிவிடுமே! என் வீட்டுக்காரர் அவரைத் துரத்தித் துரத்தி மனுக் கொடுத்தார். கடைசியில் தொல்லை பொறுக்க மாட்டாமலோ என்னவோ, பாதையை ஒன்றியம் எடுத்துக்கொள்வதாக உத்தரவு வந்துவிட்டது.

வருசக்கணக்காக ஜனங்கள் நடந்துகொண்டிருந்த பாதைக்குத் திறப்பு விழா நடந்தது. தனி அலுவலரின் ஜீப்பு பாதைக்குள் நுழைய முடியவில்லை. அவர் இறங்கி, நாடா கட்டியிருந்த இடம்வரை பதினைந்தடி நடந்து, வெட்டிவிட்டு, அதே பதினைந்தடி திரும்பி நடந்தார். அந்தப் பாதையில் அவர் நடந்தது அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்குச் சந்தன மாலை போட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. புதுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். மறுவாரம் தகரத்தில் ஒரு போர்டு வந்தது.

ஐப்பசி மழையில், ஊரிலிருந்து ஒரு மைலில் இருந்த ஓடைக் கல்லடுக்கு உடைந்தது. ஆறடி அகலம், ஆள் மட்டம் ஆழம். பழக்க தோசத்தில் நாலு பேர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்தால் போகலாம் என்று நின்றேன். அதில் ஒருவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"அண்ணே, போர்டுல என்னமோ போட்டிருக்கே, என்னண்ணே அது?"

அவர் வாசித்தார். "இப்பாதை ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தமானது. அனுமதியின்றி மண் வெட்டவோ கொட்டவோ கல் எடுக்கவோ கூடாது."

"அப்ப நமக்கு இங்க என்ன சோலி? வாங்கப்பா போவம்."

அவர்கள் முகத்தில் பயம் இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை வருசம் இலவசமாக முதுகை ஒடித்ததெல்லாம் அன்றுதான் அவர்களுக்கு வலித்தது போல.

வீட்டில் நான் சண்டை பிடித்தேன். "ஏங்க, ரெண்டு தடியப் போட்டு நாலு கல்ல வச்சா நான் பாட்டுக்குப் போயிருவேன்ல?"

"நீ நாலு கல்ல வச்சேன்னு வையி, அவன் நாப்பது வருசத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். இது உரிமைப் பிரச்சன."

"புள்ளைகளை மேல கூட்டிட்டுப் போயிருவாகங்க."

"மனு போயிருச்சு. வெரசாக் கட்டிருவாங்க."

மறுபடியும் ஜீப்புக்குக் காத்திருந்தேன். பள்ளி போய்ச் சேரப் பத்து மணி. மழை விட்டதும் பள்ளத்தில் இறங்கி ஏறிப் பார்த்தேன். ஆள் ஏறலாம், சைக்கிளை ஏற்ற முடியாது. மிச்ச மூன்று மைலையும் தனியாக நடப்பதென்றால் வெயில் ஏறின பிறகுதான் கிளம்ப முடியும், அதனால் அதே பத்து மணிதான். கருக்கலிலேயே கிளம்பியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்நேரம் அந்தச் சரிவில் கரடி இன்னும் வீடு திரும்பியிருக்காது.

ஓவர்சியர் வந்து டேப் பிடித்து ஆறடி என்று எழுதிக்கொண்டு போனார். மதிப்பீடு மேலே போய்க் கையெழுத்தாகி வருவதற்குள் அடுத்த மழை அதை ஒன்பதடி ஆக்கிவிட்டது. ஆறடிக்கான மதிப்பீட்டில் ஒன்பதடியைக் கட்ட முடியாது. திரும்பவும் டேப், திரும்பவும் மேலே. அது வருவதற்குள் பதினோரடி. பள்ளம் வளர்ந்த வேகத்தில் அந்த அலுவலகத்தில் எதுவும் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

அதே அலுவலகத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பள்ளி தாமதமாகத் திறக்கப்படுவது ஏன், பிள்ளைகள் வருகை குறைந்தது ஏன், விளக்கம் தருக. உங்கள் பாதை உடைந்திருக்கிறது என்று எழுதினேன். பாதை இந்தப் பிரிவைச் சேர்ந்ததல்ல என்று பதில் வந்தது. கல்விப் பிரிவுக்கும் வேலைப் பிரிவுக்கும் நடுவில் ஒரே ஒரு பீரோதான் இருந்தது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

இருபத்து மூன்று பதினாறானது, பதினொன்றானது. அப்படி நின்றுபோனவர்களில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கழித்தல் கணக்கில் பக்கத்து எண்ணிடம் எதற்காகக் கடன் கேட்க வேண்டும் என்று கேட்டு என்னை ஒருநாள் முழுக்க யோசிக்க வைத்தவள். அடுத்த வருசம் கீழே போடி டவுனில் ஆறாம் வகுப்பில் சேர்ப்பதாக அவள் தாயிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். சேர்ந்திருந்தால் அந்தக் குடியிருப்பிலிருந்து முதல் ஆள். பாதை உடைந்த முதல் வாரம், தாய் அழைத்தும் போகாமல் பூட்டிய கதவின் படியில் எனக்காக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் படி காலியாக இருந்தது. சாயங்காலம் தாயைப் பிடித்துக் கேட்டேன்.

"பூட்டுன கதவுக்கு முன்னால பொட்டப்புள்ளய எப்படி டீச்சர் ஒத்தையில விட்டுட்டுப் போறது? ஆனை வர்ற எடம்" என்றாள்.

அப்போதும் நான் மண்வெட்டியை எடுக்கவில்லை. உத்தியோகத்துக்குப் பங்கம் வருமோ என்று பயம். கட்டிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஐப்பசியில் உடைந்தது, மாசி வரைக்கும் நானும்தான் காத்திருந்தேன். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாசியில் பள்ளியில் ஆறு பேர் இருந்த அன்று என் பயம் போனது. ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோப்பில் காற்றுக்கு விழுந்து கிடந்த இரண்டு தென்னந்தடிகளை எங்கள் மாட்டிலேயே கட்டி இழுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் கடப்பாரையோடு வந்தார்கள். என் வீட்டுக்காரர் பின்னாலேயே உரிமை, உரிமை என்று கத்திக்கொண்டு வந்தார். முதல் தடியைப் பள்ளத்தின் குறுக்கே தள்ளும்போது என் காலில் விழப் போனது. ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தவர் பிறகு விடவே இல்லை. பிடித்தபடியே, இதை எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டுதான் செய்கிறேன் என்றார். தடிகளின் மேல் தென்னமட்டையைப் பரப்பி மண்ணைக் கொட்டி இறுக்கினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வீட்டில் இருந்தோம்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. அரசுப் பாதையில் அனுமதியின்றி மண் கொட்டியது ஏன்? பாதை ஒன்றியத்துடையது, நான் ஒன்றியத்தின் ஊழியர், ஒன்றியப் பாதையை ஒன்றிய ஊழியர் சரிசெய்ததில் என்ன குற்றம் என்று எழுதினேன். அதற்கு எந்தப் பிரிவும் பதில் போடவில்லை. சில வாரம் கழித்து என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு வரி வந்தது. குறிப்பிட்ட இடத்தில் பள்ளம் எதுவும் காணப்படாததால் மனு முடித்து வைக்கப்படுகிறது. அதை அவர் டீக்கடையில் தன் வெற்றியாக வாசித்துக் காட்டினார்.

இந்தக் கடிதங்களுக்கெல்லாம் முன்னால், தடி போட்ட மறுநாள் திங்கட்கிழமை, எட்டேகாலுக்குப் பள்ளியைத் திறந்து வாசலில் நின்றேன். கங்காணி குரல் கொடுத்தார். பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சின்னதுகளை உள்ளே தள்ளினார்கள். அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணும் வந்தாள். முதுகில் கூடை, தலையில் மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி, கையில் ஐந்து வயதுத் தம்பி. மேலே ஏலக்காய் எடுப்பு முடிந்து காப்பிப் பழத்துக்குப் போய், இப்போது களையெடுப்பில் இருந்தாள். தோட்டத்துக் கூலிக் கணக்கில் அவளுக்குத் தனியாகப் பேர் பதிந்துவிட்டார்களாம்.

"நீ உள்ள வா. நான் உங்க ஆத்தாகிட்டப் பேசிக்கிறேன்" என்றேன்.

"இல்ல டீச்சர், நான் வேலையில சேந்துட்டேன். தம்பிய விட்டுட்டுப் போறேன், இவன் படிக்கட்டும். நீங்க கதவ மட்டும் நேரத்துக்குத் தொறந்துருங்க டீச்சர்."

குறையாகச் சொல்லவில்லை. பெரிய மனுசி சின்னவர்களுக்குச் சொல்வதுபோல் பக்குவமாகத்தான் சொன்னாள். அவள் தாயிடம் மூன்று முறை போய்ப் பேசினேன், பலிக்கவில்லை. வருசக் கடைசியில் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை நானே நீக்கினேன். அதற்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.