எங்களைக் கண்டு கப்பல் பயந்த காலை

செபமாலை பிடிக்கும் என் சொந்தங்களே,

சாகக் கிடந்த என் மகளை ஏற்றிக்கொண்டு போன வள்ளத்தை, அவளைக் காப்பாற்ற வந்த கப்பல் ஆயுதம் என்று நினைத்தது. மாதங்கள் போய்விட்டன. அந்தத் திடுக்கம் போகவில்லை. சில வேளை கறிக்கு உப்புப் போடும்போது வந்து நிற்கும். சில வேளை பூசையில், எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது வந்து நிற்கும்.

2009ஆம் ஆண்டு, வன்னியில் கடைசிச் சண்டை. தவக்காலம் தொடங்கியிருந்த நாட்கள். நாங்கள் துணுக்காய்க்காரர். வயல், வாய்க்கால், குளம், அவ்வளவுதான் நாங்கள் அறிந்த தண்ணீர். இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து உடையார்கட்டுக்கு வந்தோம். அங்கிருந்தும் எழும்பி மாத்தளன் கரைக்கு வந்தோம். அதற்கு அப்பால் ஓட நிலம் இல்லை. மணல், தறப்பாள் கூடாரம், சனம், கடல். கடலைப் பார்த்தபடி சனம். சனத்தைப் பார்த்தபடி கடல்.

என் மகள் ரெஜினா கஞ்சிப் பானையை இறக்கக் குனிந்தாள். ஷெல் விழுந்த சத்தம் எனக்கு நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது.

"அம்மா, கஞ்சி கொட்டுண்டு போச்சு. என்ர சட்டையெல்லாம் சுடுது."

பானை அடுப்பில்தான் இருந்தது. கஞ்சி கொட்டவில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றில் ஆஸ்பத்திரி நடந்தது. அங்கே ஒரு டொக்டர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஷெல் துண்டு உள்ளுக்க இருக்கு, அம்மா. இஞ்ச வெட்டிறதுக்கு மயக்க மருந்தும் இல்லை, ஒண்டும் இல்லை. காயக்காரரை ஏத்துற கப்பல் வந்தா ஏத்துங்கோ. வராட்டி..." என்றார். அடுத்த பாய்க்குப் போனார்.

அன்று பின்னேரம் முழுக்க நான் செபிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். செபமாலை கையில் இருந்தது, மணிகள் நகரவில்லை. மாதாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் பிள்ளையின் பெயர்தான் வந்தது. ரெஜினா, ரெஜினா, ரெஜினா. அதையும் செபமென்று மேலே எடுத்துக்கொண்டார்களோ தெரியாது.

அடுத்த நாள் காலை கப்பல் வந்தது. கரைக்கு வர ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரம் போட்டு, ஒரு வெள்ளைச் சுவர்போல நின்றது. காயக்காரரை மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு காயக்காரருக்கு ஒரு துணை. அதனால் என் கணவர் பிலிப் கரையில் நின்றார். இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, மகளைத் தூக்கி வள்ளத்துக்குள் வைத்துவிட்டு, என்னிடம் சொன்னார்.

"நான் பின்னால வாறன் எண்டு அவளுக்குச் சொல்லு."

"எப்பிடி வருவியள்?"

"அவள் அதைக் கேக்கமாட்டாள். நீதான் கேப்பாய்."

சிரிக்கப் பார்த்தார். ஒரு அலை வந்து அவருடைய முகத்தை நனைத்தது. அது நல்லதாகப் போயிற்று.

வள்ளத்தை ஓட்டியவர் பாக்கியண்ணை. முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி, என்னைவிட வயதில் மூத்தவர், ஓயாமல் கதைக்கிற மனிதர். வள்ளத்தின் நடுவில் ரெஜினாவும் இன்னும் சில காயக்காரரும் படுத்திருந்தார்கள். கரையில் நின்ற ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். "ஒவ்வொரு வள்ளமாப் போங்கோ! மெல்லமாப் போங்கோ! பின்னால ஒண்டும் இழுபடக்கூடாது!"

"ஏன் அண்ணை ஒண்டும் இழுபடக்கூடாது?" என்று கேட்டேன்.

"டோபிடோவுக்குப் பயம், பிள்ளை."

"அது என்ன?"

"தண்ணிக்குள்ளால ஓடுற குண்டு. ஆள் நீளம், ஆளைவிட நீளம் இருக்கும். கப்பலின்ர வயித்தில வந்து முட்டினா, பிறகு கப்பல் இல்லை. அந்தக் காலத்து உலகச் சண்டையில திருகோணமலைத் துறைமுகத்துக்க கப்பலுகளைக் காப்பாத்த இரும்பு வலை போட்டு வைச்சவங்களாம். நாங்கள் மீனைப் பிடிக்க வலை போடுறம். அவங்கள் மீன் மாதிரி வாறதை மறிக்க வலை போட்டிருக்கிறாங்கள். இப்ப வலை இல்லை. கண்தான். பார், அந்த நேவிக் காவல் படகில நிக்கிறவங்கள் கண்ணிமைக்காமல் தண்ணியைப் பாக்கிறாங்கள்."

பார்த்தேன். கப்பலுக்கு முன்னால் ஒரு காவல் படகு சுற்றிச் சுற்றி வந்தது. அதில் துவக்கு பூட்டியிருந்தது. வயிற்றில் இரும்போடு என் பிள்ளை. வயிற்றில் இரும்பு புகுந்துவிடுமோ என்று பயந்து நிற்கும் கப்பல். என் மனம் ஏன் அப்படி ஓடியது என்று தெரியவில்லை. பயத்தில் மனம் கோர்க்கக்கூடாததையெல்லாம் கோர்க்கும்.

பாதித் தூரம் போயிருப்போம். கப்பல் ஊதியது.

ஒரு பெரிய மிருகம் நோவில் கத்துவதுபோல. ரெஜினா கண்ணைத் திறந்தாள். காவல் படகு எங்களை நோக்கி மூக்கைத் திருப்பியது. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் கத்தினார்கள். எனக்கு விளங்கவில்லை. அடுத்து, எங்களுக்கு முன்னால் தண்ணீர் வரிசையாகக் குத்திக் குத்தி எழும்பியது. துவக்குச் சூடு. மழைத்துளி மேல்நோக்கிப் பெய்வதுபோல இருந்தது. அதை அழகு என்று என் கண் ஒரு கணம் நினைத்தது. அந்தக் கணத்துக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பாக்கியண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, மாதாவே."

வள்ளத்துக்குப் பின்னால், ஒரு கயிற்றில், ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய் மிதந்துகொண்டிருந்தது. வலை கிடக்கும் இடத்துக்கு அடையாளமாக விடுகிற மிதப்பு. இரண்டு முனையும் அடைத்து, ஒரு முனைக்குச் சிவப்புப் பெயின்ட் பூசியிருந்தது. கரையில் சனம் முண்டியடித்து ஆட்களை ஏற்றியபோது அது கடலுக்குள் விழுந்திருக்கிறது. யாரும் காணவில்லை. வள்ளம் ஓட ஓட அது பாதி தாழ்ந்து, பாதி மிதந்து, எங்கள் பின்னால் சாதுவாக நீந்தி வந்திருக்கிறது.

கப்பலில் இருந்து பார்த்தால் அது என்ன? நான் சொல்லத் தேவையில்லை.

கப்பலில் சங்கிலி கரகரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. நங்கூரத்தை எடுக்கிறார்கள். கப்பல் போகப்போகிறது. கப்பல் போனால் என் பிள்ளை போய்விடுவாள்.

என் தலையில் முக்காடாகப் போட்டிருந்த வெள்ளைத் துணியை இழுத்தெடுத்தேன். எழும்பி நின்றேன். தலைக்கு மேலே, இரண்டு கையாலும், பைத்தியக்காரி மாதிரி வீசினேன். நான் வயல்காரி. எங்கள் ஊரில் கதிர் முற்றினால் வரம்பில் நின்று துணி வீசுவோம். குருவி பறந்து போகும். துணி வீசினால் 'போ' என்று அர்த்தம், 'ஒன்றும் செய்யாதே' என்று அர்த்தம். சுடாதீர்கள், போய்விடுங்கள் என்று அந்தத் துவக்குகளுக்குத்தான் நான் வீசினேன்.

"பிள்ளை! இருடி! என்ன செய்யிறாய்?" பாக்கியண்ணை என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். "எங்கட கடலில தலைக்கு மேல துணி வீசினா, மீன் கூட்டம் நிக்குது, எல்லாரும் வளைச்சு வாங்கோ எண்டு அர்த்தம்! பின்னால பார்!"

பார்த்தேன்.

எங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வந்த வள்ளங்கள் எல்லாம் வேகம் எடுத்திருந்தன. தலைமுறை தலைமுறையாக அந்தச் சைகைக்கு ஓடிய கைகள். அந்தக் கைகள் யோசிக்கவில்லை. வள்ளங்கள் இரண்டு பக்கமும் விரிந்து, கப்பலை வளைக்கிற மாதிரி, நுரை பறக்க வந்தன. காயக்காரரோடு, சேலைன் போத்தல்களோடு, அழுகிற தாய்மாரோடு, ஒரு தாக்குதல் வருவதுபோல வந்தன. அதை அழைத்தது நான்.

துவக்கின் வாய் தண்ணீரைவிட்டு எழும்பி எங்களுக்கு நேரே வந்தது.

அன்பானவர்களே, அப்போதுதான் நான் செபித்தேன். அழகான செபம் இல்லை. கத்தினேன். "மாதாவே, எனக்கு அவங்கட பாசை தெரியாது! உனக்குத் தெரியும்! நாங்கள் ஆரெண்டு நீ சொல்லு! இப்ப சொல்லு!" பிள்ளைமேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டேன். என் முதுகு திறந்து கிடந்தது. குண்டு வந்தால் முதலில் என்னில் படட்டும். அவ்வளவுதான் என்னிடம் இருந்த விசுவாசம்.

சத்தம் இல்லை.

பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு ஆண்குரல். உடைந்த தமிழ்.

"அண்ணே! மீன் எங்க?"

எனக்கு விளங்கவில்லை. பாக்கியண்ணைக்கும் விளங்கவில்லை. குரல் மறுபடி வந்தது. இந்த முறை அதற்குள் சிரிப்பு மாதிரி ஏதோ நடுங்கியது.

"துணி ஆட்டினதே! மீன் எங்க? என்ன மீன்?"

பாக்கியண்ணை அழுதுகொண்டு கத்தினார். "மீன் இல்லை, தம்பி! காயக்காரர்! அது வலை மிதப்பு! துணி வீசினது வயல்காரி, அவளுக்கு ஒண்டும் தெரியாது!"

பேசியவன் காவல் படகின் முன்னால் ஏறி நின்றான். தன் சட்டையைக் கழற்றினான். அதைத் தலைக்கு மேலே தூக்காமல், முழங்காலுக்குக் கீழே பிடித்து, தண்ணீரைக் கூட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தான்.

ஒரு வள்ளத்தின் எஞ்சின் நின்றது. அடுத்தது நின்றது. அதற்கடுத்தது. கடல் முழுக்க ஒவ்வொரு சத்தமாக அணைந்தது. கூட்டம் கலைஞ்சு போச்சு, அப்படியே நில்லுங்கோ என்பதற்கு இந்தக் கரையின் சைகை அது என்று பாக்கியண்ணை மெல்லச் சொன்னார். "அவனுக்கு எப்பிடித் தெரியும்? இவனுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டே இருந்தார்.

படகு எங்களோடு வந்து அணைந்தது. அவன் ஒரு இளந்தாரிப் பையன். முகம் வெயிலில் காய்ந்து கறுத்திருந்தது. ஒரு கொக்கித் தடியால் அந்தக் குழாயை இழுத்து, தட்டிப் பார்த்து, கத்தியால் கயிற்றை அறுத்து விட்டான்.

"எங்கட அப்பா நீர்கொழும்பு. சோளகக் காத்து தொடங்கினா இங்க வந்து கரையில வாடிக் கொட்டில் போடுறது, கரைவலை இழுக்கிறது. நானும் சின்னப்பயல்ல வந்தது," என்றான் பாக்கியண்ணையிடம்.

"உன்ர அப்பான்ர பேரென்ன?" பாக்கியண்ணை அந்த இடத்திலும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

"பேர் பிறகு. போங்க, போங்க." பின் என் பக்கம் திரும்பினான். என் மடியில் கிடந்த ரெஜினாவைப் பார்த்தான். பார்வையை உடனே எடுத்தான். "அக்கா, துணி ஆட்டாதீங்க. நாங்களும் பயம்."

நாங்களும் பயம். துவக்குக்குப் பின்னால் நிற்கிறவன் சொன்னான். அந்தச் சூடுகளைவிட அந்தச் சொல்தான் என்னை அதிகமாக உலுக்கியது. அவர்களுக்குப் பயம் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எல்லாப் பயமும் எங்களுக்கு மட்டும் தரப்பட்டது என்று நினைத்திருந்தேன்.

கப்பலில் சங்கிலிச் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை நங்கூரம் கீழே போனது.

ரெஜினாவைத் தூக்கி ஏற்றினார்கள். திருகோணமலையில் அவளுடைய வயிற்றை வெட்டித் துண்டை எடுத்தார்கள். பல நாள் காய்ச்சலில் கிடந்தாள். ஒரு காலை எழும்பி, "அப்பா வாறன் எண்டவர் எல்லே?" என்று கேட்டாள். எப்படி என்று அவள் கேட்கவில்லை. பிலிப் வந்தார். சித்திரையில் அந்தக் கரையைவிட்டு உயிரோடு வெளியே வந்து, செட்டிகுளத்து முகாமில் கம்பி வேலிக்குள் இருந்தார். வருத்தமும் தழும்பும் இல்லாமல் இல்லை. ஆனால் வந்தார்.

உங்களில் சிலர் இதை வாசித்துவிட்டு, "என்ர பிள்ளைக்கும் நான் செபிச்சனான்தானே" என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். என்னோடு ஒரே மணலில் படுத்த தாய்மார் என்னைவிட நன்றாகச் செபித்தார்கள். அவர்களுக்கு நான் சொல்ல என்னிடம் ஒரு விளக்கமும் இல்லை. எனக்குக் கிடைத்ததை மறைத்தால் பொய்க்காரியாவேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நாளுக்குப் பிறகு என் செபம் மாறிவிட்டது. முன்பு, எங்களைக் காப்பாற்று என்பேன், அவர்களை அகற்று என்பேன். இப்போது தண்ணீரைப் பார்த்துக் காவல் நிற்கிறவர்களுக்காகவும் செபிக்கிறேன். அவர்களுடைய கண்ணுக்கு நாங்கள் யாரென்று தெரியட்டும் என்று. பெயர் சொல்லாமல் போன அந்தப் பிள்ளைக்காக ஒவ்வொரு செபமாலையிலும் ஒரு மணி. அவன் தகப்பன் எப்போதோ அந்தக் கரைக்கு மீன் பிடிக்க வந்தபோதே, என் மகளுக்கான உதவியை ஆண்டவர் அத்தனை வருடம் முன்பே தொடங்கியிருந்தார். நான் கத்தியது கடைசியில்தான்.

ஆகவே, நெருக்கத்தில் இருக்கிறவர்களே, நல்ல சொல் வரும்வரை காத்திருக்காதீர்கள். வருகிற சொல்லில் கூப்பிடுங்கள். பாசை தெரியாவிட்டால் அதையும் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் கண்டவள். நம்புங்கள்.

இது மார்கழி. வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டில் இருக்கிறோம். அடுத்த அறையில் தகப்பனும் மகளும் சண்டை.

"அப்பா, மூண்டு கரண்டி சீனி போட்டா அது தேத்தண்ணி இல்லை, சீனிப்பாணி!"

"நீ வயிறு வெட்டினனி. எனக்கென்ன? நான் குடிப்பன்."

"அம்மா, வந்து இந்த மனுசனைக் கேளுங்கோ!"

ஆண்டவரே, உமக்கு நன்றி. நான் போய்க் கேட்க வேண்டும்.