மேல்வீட்டு ‘ஓ, பொதர்!’

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ஸ்காபரோவில், தனியாக வாழ்ந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டியின் வீட்டு நிலத்தடிப் பேஸ்மென்றில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். ஹீற்றர் காற்று வரும் குழாய் வழியாக மேல்வீட்டுச் சத்தமெல்லாம் எங்கள் குசினிக்குள் இறங்கிவிடும். அந்த அம்மாவுக்குப் பொருள்களோடு ஓயாத சண்டை. ஊசி விழுந்தால் ‘ட்ராட்!’ போத்தல் மூடி மக்கர் பண்ணினால் ‘பிடில்ஸ்ரிக்ஸ்!’ பால் பொங்கி வழிந்தால் ‘ஓ, பொதர்!’

நான் வேலை செய்த ஃபக்டரியில் எரிச்சலுக்கு ஒரே ஒரு சொல்தான். அதை இங்கே எழுத முடியாது. இந்தச் சொற்களைப் பற்றி அங்கே எங்களை மேற்பார்க்கும் போர்மனிடம் கேட்டேன். கெட்ட வார்த்தை வாயில் வராமலிருக்க அந்தக் காலத்து நல்ல குடும்பத்துப் பெண்கள் சொன்னவை, இப்போது யார் சொல்கிறார்கள் என்று சிரித்தான். எங்களுக்கோ அது காசில்லாத ரேடியோ நாடகம்.

ஒரு பனிக்கால மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே ஏதோ தொப்பென்று விழுந்தது. பிறகு, ‘ஓ, பொதர்!’

“கேத்திலைக் கீழே போட்டுட்டா போல,” என்றாள் மனைவி.

“ஓம். இனி பிடில்ஸ்ரிக்ஸ் வரும், பாரும்.”

வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘ஓ, பொதர்’ மெதுவாக வந்தது. நாங்கள் சிரித்தோம்.

பின்னேரம் உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் பாவிக்கலாமா என்று கேட்க மேலே போனோம். கதவைத் தட்டியதும் “உள்ளே வாருங்கள்” என்ற குரல் தரையிலிருந்து வந்தது. மேசைக் காலைப் பிடித்தபடி அவர் குசினித் தரையில் கிடந்தார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி “ஐயோ!” என்று குழறிய குழறலில் பக்கத்து வீட்டுக்காரர் சப்பாத்துக்கூடப் போடாமல் பனிக்குள்ளால் ஓடிவந்தார். அவர்தான் அம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்தார்.

எங்கள் ஆட்கள் கால் தடுக்கினாலே போடும் ஐயோவுக்குத் தெருவே கூடிவிடும். இந்த மனுசி இடுப்பெலும்பு முறிந்து, கீழே நாங்கள் இருப்பது தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாரே! பயத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவரைப் போர்வையால் மூடிவிட்டுக் கேட்டேன்:

“ஏன் எங்களைக் கத்திக் கூப்பிடவில்லை?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

“கத்தினேனே,” என்றார். “உங்களுக்குக் கேட்கவில்லையா?”