ஸ்லோ நிற்காத வண்டி

போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு சிக்னலில் மருமகனின் புதுக் கார் நின்றது. நின்றதும் எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. ஓட்டுவது நானில்லை என்பதையும் மறந்து என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மருமகன் சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க மாமா. பெட்ரோல் மிச்சமாகட்டும்னு அதுவா ஆஃப் ஆகும், அதுவா ஸ்டார்ட் ஆகும்."

சொன்னபடியே பச்சை விழுந்ததும் சத்தமில்லாமல் கிளம்பியது. நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் காலுக்கு அதெல்லாம் தெரியாது. அது இன்னும் ராசுவை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ராசு என் கூட்டாளி. கீரமங்கலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினோம். வெள்ளை நிறம், உருண்டை முதுகு, பெட்ரோல் வண்டி. விடிகாலையில் பூ மூட்டை ஏற்றுவோம். அப்புறம் நாள் முழுக்க யார் ஏறினாலும் உள்ளே மல்லிகை வாசம்தான். "நம்ம வண்டில ஏறுனா சீக்காளிகூட மாப்ள மாதிரி எறங்குவான்" என்பான் ராசு. இன்றைக்கும் மல்லிகைச் சரம் வாங்கினால், இதில் கொஞ்சம் பெட்ரோல் வாசம் குறைகிறதே என்று தோன்றும். இதை ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தபோது வண்டி மேடு ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது என்றார் மெக்கானிக். எஞ்சினுக்குள் வால்வுகளைத் தூக்கி இறக்குகிற தண்டு அது. "இத மாத்தி வண்டிய ஒங்கையில நல்லபடியாக் குடுத்துட்டுத்தான் கெளம்புவேன்" என்று ராசு பிடிவாதமாக நின்றான். புதுசு போட்டாயிற்று. ஆனால் டியூனிங் செய்கிறவர் புதுக்கோட்டையில் இருந்தார், அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டார். ராசு கிளம்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது.

"டியூனிங் பண்ணாம ஸ்லோ நிக்காதுண்ணே" என்றார் மெக்கானிக். வண்டி நிற்கும்போது எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்குமே, அதுதான் ஸ்லோ. "ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்க, பொட்டுனு ஆஃப் ஆயிரும். அப்புறம் லேசுல ஸ்டார்ட் ஆகாது."

திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேறு கார் பிடிக்கலாம் என்றேன். "நம்ம வண்டி இருக்கையில அடுத்தவன் வண்டில போவனா மாப்ளே?" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் ஆத்தா ஜன்னல் வழியாக எங்கள் இருவருக்கும் திருநீறு பூசிவிட்டு என்னிடம் சொன்னது: "தூரதேசம் போற புள்ள. வண்டி வழியில நின்டுராமப் பாத்துக்கப்பா. நின்டா திரும்பி வார வழி அடைபட்டுரும்பாக."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. அன்றைக்கு மட்டும் இருந்தது.

ஆக்சிலேட்டரை விட்டு வலது காலை எடுக்கவே இல்லை. கிளட்சுக்கு இடது கால். நிறுத்த வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக். ஆலங்குடியில் தெரிந்தவர்கள் கை காட்டினார்கள், கும்பிடு போட்டுவிட்டுப் பறந்தேன். பணக்காரனாகிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். புதுக்கோட்டையில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. வண்டியை உறுமவிட்டுக்கொண்டே நின்றேன். எஞ்சின் குலுங்குகிறது, சைலன்சர் டப் டப்பென்று வெடிக்கிறது. பக்கத்துப் பஸ்ஸிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, காரா? கடலை ஒடைக்கிற மிசினா?"

ராசு கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

நார்த்தாமலை தாண்டி ரோடு நீளமாகக் கிடந்தது. வேகம் எடுத்தால் வண்டி சமர்த்து. புதுத் தண்டின் இழுவை அப்போதுதான் தெரிந்தது. "டியூனிங் மட்டும் பண்ணிட்டா சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும் மாப்ளே. எனக்குத்தான் இருந்து பாக்கக் குடுப்பினை இல்ல" என்றான். போகாதேடா என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

ஏர்போர்ட் வாசலில் நான் இறங்கவில்லை. எப்படி இறங்குவது? காலை எடுத்தால் வண்டி நின்றுவிடும், அவன் பார்க்க நின்றுவிடக் கூடாது. எல்லாரும் கட்டிப் பிடித்து அழுகிற இடத்தில் நான் ஆக்சிலேட்டரை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான். தோளை இறுக்கிப் பிடித்து ஏதோ சொன்னான். பாழாய்ப் போன சைலன்சர் அந்த நேரம் பார்த்து வெடித்தது. எனக்குக் கடைசி இரண்டு எழுத்துதான் கேட்டது: "...றேன்."

எங்கள் பக்கம் விடைபெறும்போது யாரும் போறேன் என்று சொல்லக் கூடாது, அபசகுனம். போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். பேச்சில் அந்த 'ரேனு'க்கும் இந்த 'றேனு'க்கும் வித்தியாசம் கிடையாது. கேட்டுவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவன் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் காலை எடுத்தேன். வண்டி ஒரு தூக்கு தூக்கி அடங்கியது. அந்த அமைதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டியூனிங் முடிந்ததும் வண்டி அவன் சொன்ன மாதிரியே வழுக்கிக்கொண்டு போனது. முன்சீட்டில் பூ மூட்டைதான் இருந்தது. அவன் அங்கேயே பெண் கட்டி, ஆத்தாவையும் அழைத்துக்கொண்டான். ஒருமுறை சென்னைவரை வந்து திரும்பினான். கீரமங்கலத்தில் அவன் வீடு இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ மாடி கட்டியிருக்கிறார்கள். இங்கே வர அவனுக்கு என்ன இருக்கிறது, நான் இருப்பதைத் தவிர? வண்டியைக் கறம்பக்குடிக்காரர் ஒருவருக்கு விற்றேன். பிறகு அது காயலான் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அன்று வழியில் ஓரிடத்திலும் எஞ்சின் நிற்கவில்லை. ஆத்தா சொன்ன கணக்குப்படி அவன் வந்திருக்க வேண்டும்.

ராசு மாதம் ஒருமுறை போனில் கூப்பிடுகிறான். இப்போது இரைச்சல் எதுவும் இல்லை, மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. மூட்டுவலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகள் என்று பேசித் தீர்க்கிறோம். ஏர்போர்ட்டில் அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்ன என்று மட்டும் நான் கேட்பதில்லை. பேச்சு முடிகிற நேரத்தில் காதைப் போனோடு அழுத்திக்கொள்வேன்.

"சரி மாப்ளே" என்பான். "வச்சிர்றேன்."