பாக்கெட்டில் இருந்த பந்து

ரோமன் டூடெக்கைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். திட்ட வேண்டுமென்றாலும் என்னையே கூப்பிடலாம். சிகாகோவின் வடக்குப் பக்க பேஸ்பால் மைதானத்தில், வலதுபக்கச் சுவருக்கு மேலே இருக்கிற பெஞ்சுகளில் இருபத்திரண்டு வருடமாகப் பியர் விற்கிறேன். அத்தனை வருடமும் முதல் வரிசையில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் படி ஏறி இறங்கியிருக்கிறேன்.

ரோமனுக்கு ஐம்பத்தேழு வயது. நகராட்சியில் தெருப் பெருக்கும் லாரி ஓட்டுகிறான். பனி விழுந்தால் உப்பு லாரி. விடியுமுன் வேலைக்குப் போய்விட்டு, பதினொரு மணிக்கு மைதானக் கதவு திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நிற்பான். அந்த நேரத்தில்தான் வெளியூர் அணி பயிற்சி எடுக்கும். ரோமன் பைக்குள்ளிருந்து அந்த அணியின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வான். எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா?

"டேய் துரோகி! பொண்டாட்டியையும் இப்படித்தான் ஊருக்கு ஊரு மாத்துவியா?"

அவன் காதிலேயே வாங்கமாட்டான். சுவரோரம் குனிந்து, வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயிற்சிப் பந்து கேட்பான். முந்தின நாள்தான் அணியில் சேர்ந்த பையன் பெயர்கூட அவனுக்குத் தெரியும். ஸ்பானிஷ்காரனிடம் ஸ்பானிஷில் கேட்பான், ஜப்பான்காரனிடம் ஜப்பானிய மொழியில் கேட்பான். ஒரு ஆளிடம் ஒரு நாளில் ஒரு தடவைதான். இப்படிக் கேட்டுக் கேட்டே ஆயிரத்து நானூறு பந்துக்கு மேல் சேர்த்துவிட்டான். அவன் மனைவி டெரேசா ஒருமுறை என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள்: "துணி வைக்க அலமாரியில இடமில்ல ஓட்டிஸ். இதுல ஒண்ணையாவது வேக வச்சுச் சாப்பிட முடியுமா சொல்லு?"

ஆனால் ரோமனுக்கு ஒரு ஏக்கம் இருந்தது. ஆட்டத்தின்போது சுவரைத் தாண்டி அடிக்கிற ஹோம்ரன் பந்து ஒன்றுகூட அவன் கையில் விழுந்ததில்லை. முப்பத்தோரு வருடம்! இரண்டு வரிசை பின்னால் விழும், பக்கத்து ஆள் மடியில் விழும். ஒருமுறை என் பியர்த் தட்டிலேயே விழுந்து தொலைத்தது. "இதெல்லாம் நான் கேட்டு வாங்கினதுடா. தானா என்னைத் தேடி ஒண்ணு வரணும்" என்பான்.

எங்கள் பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரன் ஹோம்ரன் அடித்தால், பிடித்தவன் அந்தப் பந்தைத் திருப்பி மைதானத்துக்குள் எறிய வேண்டும். எறியாவிட்டால் மூவாயிரம் பேரும் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதனால் விவரமானவர்கள் பாக்கெட்டில் ஒரு பழைய பயிற்சிப் பந்தை வைத்திருப்பார்கள். அதை எறிந்துவிட்டு, அசலைக் கிளவுஸுக்குள் பதுக்கிக்கொள்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த திருட்டுதான், யாரும் கண்டுகொள்வதில்லை. ரோமனும் ஒரு பழைய பந்தை வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வருவான். வீட்டில் நிலைக்கண்ணாடி முன்னால் எறிந்து பழகுவானாம், டெரேசா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போன ஜூனில் ஒரு வியாழக்கிழமை. ஒன்பதில் நாலாவது இன்னிங்ஸ். வெளியூர் அணியில் எமிலியோ கராபயோ என்று ஒரு புதுப் பையன், வெனிசுவேலாக்காரன். வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. அடித்தான் பாருங்கள், பந்து நேராக எங்கள் பக்கம் வந்தது. ரோமன் எழுந்தான். ஒரு அடிகூட நகரவில்லை. பந்து தானாக வந்து அவன் கிளவுஸுக்குள் உட்கார்ந்தது.

எறிய வேண்டியதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தோரு வருட ஆசை சும்மா இருக்குமா? கிளவுஸிலிருந்து பந்தை வலது கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தான். அதற்குள் பெஞ்சு முழுக்க, "எறி! எறி! எறி!" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. பழகின கை. அதில் எது இருந்ததோ அதையே எறிந்துவிட்டது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. ரோமன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். பழைய பந்து பத்திரமாக இருந்தது. அவன் முகம் வெளுத்ததை அங்கே நான் மட்டும்தான் பார்த்தேன்.

"அடப்பாவி! அசலையா எறிஞ்சே?" என்றேன்.

"கத்தாதடா" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

கீழே எங்கள் அணியின் டேரில் விட்லாக் அந்தப் பந்தை எடுத்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். அடுத்த ஆள் மட்டையைப் பிடிப்பதற்குள், வெளியூர் அணியின் கோட்டு போட்ட மனிதர் ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார்.

"ஐயா, அது அந்தப் பையனோட முதல் ஹோம்ரன். அவங்க அம்மா ஊர்லேர்ந்து வந்து உக்காந்திருக்காங்க. நீங்க எறிஞ்சது பழைய பந்துதானே? அசலைக் குடுத்துடுங்க."

"எறிஞ்சதுதாங்க அசல்" என்றான் ரோமன்.

அவர் சிரித்தார். "இந்தப் பெஞ்சுப் பழக்கம் எனக்குத் தெரியாதா? பாக்கெட்டு புடைச்சுக்கிட்டு நிக்குதே! என்ன வேணும், சொல்லுங்க. மட்டையா? சட்டையா?"

"ஒண்ணும் வேணாம். தெரியாம எறிஞ்சிட்டேன்."

முன்பு கைதட்டியவர்களே இப்போது சிரித்தார்கள். "தெரியாம எறிஞ்சாராம்டா!" என்றான் ஒருவன். ரோமனின் காது சிவந்தது. அதற்குள் இன்னிங்ஸ் முடிந்து விட்லாக் தன் அணியின் பெஞ்சை நோக்கி ஓடத் தொடங்கினான், பின்பாக்கெட்டுப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு. வழக்கமாகக் கூட்டத்துக்குள் எங்கேயாவது வீசிவிடுவான். ரோமன் பாய்ந்து சுவரைப் பிடித்தான்.

"டேரில் தம்பி! அந்தப் பந்து! இங்க போடு!"

விட்லாக் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நேத்துதானே ஒண்ணு குடுத்தேன் பெருசு! ஆசை அடங்கலையா?" என்று சொல்லியபடியே வீசினான். ரோமன் பிடித்தான்.

இப்போது இரண்டு பந்தும் அவனிடம் இருந்தன. கையில் இருந்தது அசல், புல்கறை பட்டது. பாக்கெட்டில் இருந்தது பழசு. கோட்டுக்காரரோ பாக்கெட்டைக் காட்டி, "அதைக் குடுங்க" என்று நிற்கிறார். நான் அவன் காதோடு குனிந்தேன்.

"டேய், கேக்கறதைக் குடுத்துத் தொலை. அசல் உன்கிட்டயே இருக்கட்டும். எந்த நாய்க்குத் தெரியப்போவுது?"

ரோமன் அந்தப் பந்தை உருட்டிப் பார்த்தான்.

"போன வாரம் எவனோ பயிற்சியில அடிச்ச பந்துடா பாக்கெட்டுல இருக்கறது. அதை அந்தம்மா ஊருக்குக் கொண்டுபோயி சாமி படத்துக்குப் பக்கத்துல வைப்பாங்க" என்றான். பிறகு கையில் இருந்ததை நீட்டினான்.

அந்த மனுஷன் வாங்கவில்லை! "விளையாடாதீங்க ஐயா" என்று மறுபடியும் பாக்கெட்டையே பார்த்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யோவ், கண்ணு தெரியல? வச்சுக்கணும்னு நினைச்சிருந்தா ஏன்யா இதை நீட்டறான்?" என்றேன்.

ரோமன் பாக்கெட்டில் இருந்ததையும் எடுத்து, இரண்டையும் அவர் கையில் வைத்தான். "ரெண்டையும் கொண்டு போங்க. புல்கறை பட்டதுதான் பையனோடது. மறந்துடாதீங்க, புல்கறை."

அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோமன் முகத்தையும் பார்த்தார். மட்டை, சட்டை பேச்சை மறுபடி எடுக்கவில்லை. "சொல்றேங்க, புல்கறை" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக இறங்கினார்.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது, இருந்தாலும் உட்கார்ந்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே முந்திக்கொண்டான்.

"ஓட்டிஸ், ஒருத்தனோட முதல் ஹோம்ரன் பந்தை ரெண்டு தடவ புடிச்சவன் இந்த ஊர்ல வேற எவனாவது இருக்கானாடா?"

இருபத்திரண்டு வருட ஞாபகத்தையும் கிளறிப் பார்த்தேன். ஒருத்தன்கூட இல்லை.